பந்தலிலே முல்லை, குளத்திலே கோய்!

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூடத்தில் உட்காருவதில்லை. காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, "கொல்லைப்பக்கம் போய் உட்காரலாமே!" என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு முல்லைப் பந்தல் இருக்கிறது. பந்தலின் அடியில் பத்தடி நீளமும் ஆறடி அகலமுமாக ஒரு குளம். அதில் முழ நீளத்துக்குமேல் வளர்ந்த ஐந்து கோய் மீன்கள். ஒன்று வெள்ளை வெளேரென்று, முதுகில் குங்குமத்தைக் கொட்டிவிட்டாற்போல் இருக்கும். மற்றொன்று தகதகவென்று பொன்னிறம். காலடிச் சப்தம் கேட்டால் போதும், ஐந்தும் வாயைத் திறந்துகொண்டு கரையோரம் வந்து நிற்கும்.

"இதற்கு ரொம்பச் செலவாகுமா?" என்பது வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. "பார்த்துக்கொள்வது கஷ்டமோ?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை ஒரே ஒருவர்தான் கேட்டார்; எங்கள் எதிர்வீட்டு அம்மாள். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் கேட்டார். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

முதலில் பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மாமனார் போட்டது. நங்கநல்லூரில் இந்த வீட்டைக் கட்டிய கையோடு, கிணற்றடியை ஒட்டி நாலு சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே கம்பி இழுத்து, முல்லையை ஏற்றிவிட்டாராம். சாயங்காலம் ஆனால் அத்தை ஒரு மூங்கில் தட்டோடு போய் அரும்பு பறிப்பார். மாமனார் உயரமானவர், எட்டாத கிளையை வளைத்துப் பிடித்துக்கொடுப்பார். இப்படி நாற்பது வருஷம்.

2017-இல் மாமனார் காலமானார். அதற்குப் பிறகு அத்தை கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பூ வைக்காதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவராகவே ஒதுக்கிவிட்டார். இந்த வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு. அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "அது கிடக்கட்டும், அடுப்பிலே பால் பொங்குது பாரு" என்று எழுந்து போய்விட்டார். முல்லை என்னவோ வழக்கம்போல் பூத்தது. அரும்புகள் பறிப்பாரில்லாமல் மலர்ந்து, காலையில் கிணற்றடி முழுவதும் உதிர்ந்து கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளுவதைவிட மனசுக்குக் கஷ்டமான வேலை வேறில்லை.

குளம் என் கணவரின் யோசனை. ஏதோ ஒரு ஹோட்டல் முகப்பில் கோய் மீன்களைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மாவுக்குப் பொழுதுபோகும்" என்றார். அத்தை ஒரே வாக்கியத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "கிணறு இருக்கிற வீட்டுக்குக் குளம் எதுக்குடா?"

ஆனாலும் 2018 தை மாசம் குளம் வெட்டினோம். மூன்றரை அடி ஆழம். கணக்குப் போட்டால் சுமார் ஆறாயிரம் லிட்டர். ஆழம் முக்கியம், சகோதரிகளே! ஒன்றரை அடித் தொட்டியில் கோய் வளர்ப்பது தீப்பெட்டியில் ஆனையைக் கட்டுவது மாதிரி. கோய் என்பது தங்க மீன் அல்ல. அது கெண்டை ஜாதி. உதட்டோரம் மீசை இருந்தால் கோய், இல்லாவிட்டால் தங்க மீன். விரல் நீளத்தில் வாங்கி வருகிறோம். நன்றாக வளர்ந்தால் இரண்டடியைத் தாண்டும். இருபது முப்பது வருஷம்கூட உயிரோடிருக்கும். குழந்தை பிறந்தபோது வாங்கினால் அந்தக் குழந்தையின் கல்யாணத்துக்கும் இருக்கும்!

இந்த மீனின் பூர்வீகம் ஜப்பானில் நீகாத்தா மாகாணத்தின் மலைப் பிரதேசம். யமகோஷி என்ற கிராமமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பனிக்காலத்தில் வெளி உலகத்தோடு தொடர்பற்றுப் போய்விடும். அடுக்கடுக்கான நெல்வயல்களுக்கு நீர் தேக்கிய குட்டைகளில், குளிர்காலத்துக்கு உணவாகட்டும் என்று குடியானவர்கள் கெண்டை வளர்த்தார்கள். கறுத்த கெண்டைக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று சிவப்பு வயிற்றோடும் வெள்ளை முதுகோடும் பிறந்தது. அதைச் சட்டியில் போட மனம் வராமல் எவரோ தனியாக எடுத்துவைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படி ஆரம்பித்த சமாசாரம், 1914-இல் டோக்கியோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் நாடறியப் புகழ் பெற்றது. 'நிஷிகிகோய்' என்றால் ஜரிகைப்பட்டுக் கெண்டை என்று அர்த்தம். வெள்ளையில் சிவப்பு 'கோஹாக்கு'. அதோடு கறுப்பும் சேர்ந்தால் 'ஸான்கே'. நமக்குப் பட்டுப்புடவையில் ரகங்கள் இருப்பதுபோல் அவர்களுக்கு மீனில்!

2004 அக்டோபரில் அதே பிரதேசத்தில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. யமகோஷியில் இருந்த சுமார் 2,200 பேரும் ஊரைக் காலிசெய்து வெளியேற வேண்டியதாயிற்று. குளங்கள் விரிசல் விட்டு மீன்கள் ஏராளமாக மாண்டன. மிஞ்சிய மீன்களைக் காப்பாற்ற ஹெலிகாப்டரில் தூக்கிவந்தார்கள். வீடு போயிற்று, வயல் போயிற்று, மீனாவது இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்தது முன்பெல்லாம் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். கொளத்தூர் அலங்கார மீன் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு குஞ்சுகள் வாங்கிவந்தோம். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் நம் பக்கத்துப் பண்ணைகளில் பிறந்த கோய்தான். விலையும் எட்டாத விலை அல்ல. (2018-இல் ஜப்பானில் ஒரு கோய் 20 கோடி யென்னுக்குமேல் ஏலம் போனதாம். அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டாம் என்று என் கணவருக்கு உத்தரவு.)

நாங்கள் செய்த தவறுகளை வரிசையாகச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. குளம் புதுச் சிமெண்ட். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் ஜலத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஜலத்தை நிரப்பி, சில நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டி, இப்படி இரண்டு மூன்று வாரமாவது கழுவ வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவிடுவது நம் மீன் பண்ணைக்காரர்களின் கைவைத்தியம். நாங்கள் ஒரே ஒரு தடவை கழுவிவிட்டு, ஒரு வாரத்தில் மீனை விட்டுவிட்டோம்.

அடுத்தது சாப்பாடு. கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேயும் பிராணி அது. போட்டதையெல்லாம் தின்னும், தின்னாததெல்லாம் அடியில் அழுகும். எங்கள் வீட்டில் காலையில் என் கணவர் ஒரு பிடி, மத்தியானம் நான் ஒரு பிடி, சாயங்காலம் குழந்தை இட்லி விண்டு போடுவாள். மீன் செவுள் வழியாக அமோனியா என்ற நஞ்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. சரளைக்கல், பழைய பிரஷ் இவற்றை நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாயின் வழியே மோட்டார் வைத்து ஜலத்தைச் சுற்றவிட்டால், அந்தக் கற்களில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியேறி, அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஆனால் அந்தக் கிருமிகள் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வடிகட்டிப் பீப்பாய் வைத்தோமே தவிர, அது வேலைசெய்ய ஆரம்பிக்கும் வரை காத்திருக்கவில்லை. ஜலத்தில் காரம் அதிகமானால் அமோனியாவின் விஷமும் அதிகமாகும் என்பது இன்னொரு விசேஷம். ஆக, இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டன.

சித்திரை வெயிலில் ஜலம் பச்சைப் பாசியாகிவிட்டது. ஒரு ராத்திரி என் கணவர், "சுத்தமாக இருக்கட்டும்" என்று பாதி ஜலத்தை இறைத்துவிட்டு, குழாய் ஜலத்தை நேராகத் திறந்துவிட்டார். குழாய் ஜலத்தில் குளோரின் கலந்திருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கும் பீப்பாய்க் கிருமிகளுக்கும் ஆகாது. திறந்த தொட்டியில் ஒரு நாள் காற்றாட வைத்திருந்து விட்டிருக்க வேண்டும்.

மறுநாள் விடிகாலை என்னை எழுப்பியது அத்தையின் குரல். வழக்கம்போல் நாலரைக்கு எழுந்தவர், மீன்கள் 'தப் தப்' என்று துள்ளும் சப்தம் கேட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கொல்லைக் கதவைத் திறந்திருக்கிறார். நான் போனபோது குளத்தங்கரையில் உட்கார்ந்து, வெறும் கையால் ஜலத்தை அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மூச்சுக்குத் தவிக்குதும்மா. வாயைப் பாரு, மேலே மேலே வருது. சீக்கிரம் ஒரு சொம்பு கொண்டா!"

சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். காற்றை ஜலத்தில் கலக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? காப்பி ஆற்றுகிற கைக்குத் தெரியாதா? ஏழு மீன்கள் போய்விட்டன. ஐந்து பிழைத்தன. இறந்தவற்றை முல்லைக் காலடியில் குழி தோண்டிப் புதைத்தார். யாரோடும் பேசவில்லை. குழந்தை மட்டும், "பாட்டி, இனிமே நான் இட்லி போடமாட்டேன்" என்றாள்.

அன்றைக்குப் பிறகுதான் நான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ஜலம் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் இருந்தால், 30 டிகிரியில் ஏழரைதான். ஜப்பானியக் குளிரில் பிறந்த ஜாதிக்குச் சென்னை வெயில் சோதனைதான். பாசி பகலில் பிராணவாயுவைத் தருகிறது. ராத்திரியில் அதுவே திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆகையால் மீனுக்கு ஆபத்தான வேளை விடிகாலை, சூரியன் எழுவதற்கு முன். நம் வீடுகளில் அந்த வேளையில் விழித்திருப்பவர் யார்? அத்தைதான்! "நாலரை மணிக்குக் குளத்தைப் பார்க்க ஆள் வேண்டும்" என்றேன். "நான்தான் எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கேனே" என்றார்.

வெயிலைத் தடுக்கத்தான் பந்தலைக் குளத்தின்மேல் நீட்டினோம். கொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டார்வினைக் குரங்குக் கதையோடு மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர் உடம்பு சரியில்லாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில், ஜாடியில் இருந்த ஒரு கொடியின் நுனி சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வட்டமடித்துப் பற்றுக்கோல் தேடுவதைக் கவனித்து, ஏறும் கொடிகளைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். கொடி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டுதான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். முல்லையும் சங்குப்பூவும் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறும். பாகலும் புடலும் பற்றுக்கம்பிகளால் பிடித்துக்கொள்ளும். மணிபிளாண்ட் தண்டிலிருந்து வேர் விட்டுச் சுவரில் ஒட்டும். காகிதப்பூ என்கிற போகன்வில்லா முள்ளைக் கொக்கியாக மாட்டிச் சாய்ந்துகொள்ளும். அதைக் கட்டிவிடாவிட்டால் விழுந்துவிடும்.

எங்கள் பந்தலின் கிழக்கிலும் தெற்கிலும் முல்லை. மேற்கு வெயில்தான் குளத்துக்கு எமன். அந்தப் பக்கம் ரங்கூன் மல்லி. அதன் பூ சாயங்காலம் வெள்ளையாக விரிகிறது. மறுநாள் ரோஜா நிறம். அதற்கடுத்த நாள் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். பண்ணைகளில் தை மாசக் கடைசியில் முல்லையை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார்கள். பந்தல் முல்லைக்கு அது ஆகாது, நிழல் போய்விடும். பழைய கிளைகள், காய்ந்த கிளைகளை மட்டும் கழித்தால் போதும். கோடைக்குள் புதுத் தளிர் மூடிவிடும்.

போகன்வில்லாவைக் குளத்துக்கு எட்டாமல் மதில்மேல் வைத்தோம். அதன் காகிதச் சருகு ஜலத்தில் விழுந்து மோட்டாரை அடைக்கும். அரளிக்கும் குளத்தருகே இடமில்லை. அதன் இலையும் பூவும் விஷம். போகன்வில்லாவைச் சொல்லும்போது ஒரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. 1767-இல் பிரேசிலில் இந்தச் செடியைச் சேகரித்தவர் கொம்மர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர். தம் கப்பல் தலைவரான போகன்வில் பெயரைச் சூட்டினார். அவரோடு உதவியாளாகப் போன ஆண்பிள்ளை உண்மையில் ஆண்பிள்ளையே அல்ல. ஜான் பாரே என்ற பெண்! கப்பலில் பெண்கள் கூடாது என்பதால் வேஷம் போட்டுக்கொண்டு போனாள். கொம்மர்சோனுக்குக் காலில் புண். செடியைப் பறித்தது அவளாகத்தான் இருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண் என்று சரித்திரம் அறிந்தது அவளைத்தான். பூவுக்கு என்னவோ தலைவர் பெயர்!

வாரத்துக்கு ஒருமுறை குளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் அறுநூறு லிட்டரை எடுத்துவிட்டுப் புது ஜலம் விடுகிறோம். எடுத்த ஜலம் ஒரு சொட்டுக்கூட வீணில்லை. மீன் கழிவிலிருந்து வந்த நைட்ரேட் கொடிகளுக்கு உரம். நாங்கள் முல்லைக்கு வேறு எருவே வாங்குவதில்லை. குளத்துக்குள் செடி வைக்கிற ஆசை மட்டும் பலிக்கவில்லை. தாமரைத் தொட்டியை இறக்கினோம். ஒரே ராத்திரியில் மண்ணைக் கிண்டிக் கிழங்கை மேலே மிதக்கவிட்டுவிட்டன. மணிபிளாண்டின் வேரை வடிகட்டிப் பீப்பாயில் தொங்கவிட்டிருக்கிறோம். அது காடாக வளர்கிறது.

குளம் வைத்தால் கொசு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஓடுகிற ஜலமும் மீனும் இருக்கிற இடத்தில் கொசுப்புழுவுக்கு ஆயுசு குறைவு. டெங்குக் கொசு வளர்வது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில்தான். அதைக் கவிழ்த்து வையுங்கள். சிறு குழந்தை இருக்கும் வீடானால், குளத்தைச் சுற்றிக் குறைந்தது நாலடிக் கம்பி வேலியும் பூட்டுப் போட்ட சிறு கதவும் வைக்காமல் ஒரு குடம் ஜலம்கூட நிரப்பாதீர்கள். மூன்றரை அடி ஆழம் மீனுக்குக் குறைவு. குழந்தைக்கு மிக அதிகம்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுவிட்டன. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒன்றொன்றாகக் காற்றைத்தான் இறைத்தன. பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்கு வரிசை. எதிர்வீட்டு அம்மாள் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "பெரியம்மா, மனுஷாளுக்கே குடிக்கத் தண்ணியில்லை. உங்க வீட்டு மீனுக்கு ஒரு குளமா?" என்று கேட்டார்.

என்ன பதில் சொல்வது? நானே ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் கணவர் மீன்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். அத்தை அன்றைக்குக் கணக்குப் பார்த்தார். குளத்தில் நாளொன்றுக்கு ஆவியாகிற ஜலம் இரண்டு குடம். "என் குளியலிலே ஒரு வாளி குறைச்சுக்கறேன். மீதிக்குப் பாத்திரம் கழுவறதைச் சிக்கனமாப் பண்ணு. வாரா வாரம் மாத்தறதை நிறுத்து. தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு" என்றார். தீனி குறைந்தால் நஞ்சும் குறையும்; கெண்டை பல நாள் பட்டினி தாங்கும். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதோடு நிற்கவில்லை. எங்கள் பழைய கிணற்றை நாங்கள் மறந்தே போயிருந்தோம். மழைநீர் சேகரிப்பு கட்டாயமான 2003-இல் மாமனார் மாடி ஜலம் முழுவதையும் அந்தக் கிணற்றுக்குத்தான் குழாய் போட்டு விட்டிருந்தார். அத்தை மூடியைத் திறந்து, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். அடியில் நாலடி ஜலம் பளபளத்தது! ஜகடைக்கு எண்ணெய் போட்டு, மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளுக்கு வீட்டுக்கு இரண்டு குடம், புழக்கத்துக்கு. முதல் குடம் எதிர்வீட்டு அம்மாளுக்கு. மழை வரும்வரை, விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் கொல்லையில் ஒரு பெண்கள் மாநாடே நடந்தது.

எதிர்வீட்டு அம்மாளின் அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் குளத்தைப் பார்த்தால், "வீண் ஆடம்பரம்" என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு, சாயங்காலம் பூவுக்கு வந்து நிற்கிறார்.

ஆமாம், அத்தை மறுபடி பூப்பறிக்கிறார். தமக்கு வைத்துக்கொள்வதில்லை, அதில் அவரை அசைக்க முடியாது. எட்டாத கிளையைப் பிடித்துக்கொடுக்கும் உத்தியோகம் இப்போது என் கணவருக்கு. பறித்ததைக் குளத்தங்கரைத் திண்ணையில் உட்கார்ந்து நாரில் தொடுத்து, எனக்கு ஒரு முழம், பேத்திக்கு ஒரு முழம், எதிர்வீட்டுக்கு இரண்டு முழம் என்று அளந்துவைக்கிறார். மாதம் ஒருதரமாவது மடையான் கொக்கு ஒன்று மதில்மேல் வந்து உட்கார்ந்து குளத்தைப் பார்க்கும். குளத்துக்குமேல் வலை இருக்கிறது. அது அத்தைக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும். இருந்தாலும் மடியிலிருக்கும் பூவோடு எழுந்து, துரட்டிக் கோலை ஓங்கிக்கொண்டு அவர் மதிலை நோக்கி ஓடுகிற ஓட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே!